மன்னிக்கும் அதிகாரம் யாருக்காக?

1979 ஜனவரி 15ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் டென்னசி மாநில ஆளுநர் ரே பிளான்டன் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். அந்த ஓர் இரவில் 52 கைதிகளுக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ கிடைத்தது. அவர்களில் கொலைக் குற்றவாளிகளும் இருந்தார்கள். ஒருவர் முன்னாள் மனைவியையும் அவருடன் இருந்தவரையும் சுட்டுக் கொன்றவர். ஆளுநரின் அரசியல் நண்பருடைய மகன். பிளான்டனின் பதவிக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. ஒரு மாதம் முன்புதான், காசு வாங்கிக்கொண்டு கைதிகளுக்கு விடுதலை ஏற்பாடு செய்கிறார்கள் என்ற சந்தேகத்தில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் ஆளுநரின் உதவியாளர்களைக் கைது செய்திருந்தார்கள்.

இன்னும் பலரை விடுவிக்க ஆளுநர் தயாராகிறார் என்று தகவல் வந்தது. அதைத் தடுக்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது? எந்தச் சபையைக் கூட்டுவது? அப்படி ஒரு வழி கைவசம் இல்லை. கடைசியில் பிளான்டனின் சொந்தக் கட்சித் தலைவர்களும் எதிர்க்கட்சியினரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஆளுநராகத் தேர்வாகியிருந்த லமார் அலெக்சாண்டருக்கு, குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பே, ஜனவரி 17 மாலை அவசரமாகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். மன்னிப்பைத் தடுக்க முடியவில்லை, அதனால் மன்னிக்கிறவரை மாற்றினார்கள்.

காவல்துறை விசாரித்து, சாட்சிகள் கூண்டேறி, நீதிபதி தீர்ப்பு எழுதி, மேல்முறையீடும் முடிந்த ஒரு தண்டனையை ஒரே ஒரு மனிதர் ஒரு கையெழுத்தில் இல்லாமல் ஆக்கிவிடலாம். மக்களாட்சி நாடுகளில் இப்படி ஓர் அதிகாரம் எப்படி வந்து உட்கார்ந்தது?

அரசனின் சொத்து

இன்றைய மன்னிப்புச் சட்டங்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் வெசெக்ஸ் பகுதியை ஆண்ட ஐன் என்ற அரசனின் சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு: அரசனின் வீட்டுக்குள் சண்டை போட்டவன் சொத்தை இழப்பான், உயிரோடு இருப்பானா மாட்டானா என்பதை அரசன் முடிவு செய்வான். குற்றம் என்பது அரசனின் அமைதியைக் குலைக்கும் செயல், பாதிக்கப்பட்டவன் அரசன், ஆகவே மன்னிக்கும் உரிமையும் அவனுக்கே. அன்றைய தர்க்கம் அவ்வளவுதான்.

அதை வெறும் அரச அகந்தை என்று தள்ளிவிட முடியாது. இடைக்கால இங்கிலாந்தில் தற்காப்புக்காகக் கொன்றவனும், கை தவறிக் கொன்றவனும்கூட நீதிமன்றத்திலேயே விடுதலையாகிவிட முடியாது. அரசனின் மன்னிப்பு வரும்வரை சிறையில் காத்திருக்க வேண்டும். சட்டத்தில் இருந்த அந்த ஓட்டையை மன்னிப்புதான் அடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் இதே நிலைமைதான். அப்போது இங்கிலாந்தில் 200க்கும் அதிகமான குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கலாம். சின்னத் திருட்டுக்குக்கூட உயிர் போகும். ஆனால் தண்டனை பெற்றவர்களில் மிகப் பலரை அரசன் பெயரில் மன்னித்து, முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் நாடு கடத்தினார்கள். எழுதிய சட்டம் கொடூரமாக இருந்த காலத்தில் மன்னிப்புதான் அதை மனிதர்கள் தாங்கும் அளவுக்குக் குறைத்தது.

அதே கை வியாபாரமும் செய்தது. முதலாம் எட்வர்டு 1290களில் தன் போர்களுக்கு ஆள் சேர்க்கக் கொலைகாரர்களுக்கும் திருடர்களுக்கும் மன்னிப்பு தந்தான். மூன்றாம் எட்வர்டு காலத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பழைய தொழிலைத் தொடர்ந்தார்கள். நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப முறையிட்டது. 1390இல் கொலைக்கு மன்னிப்பு தருவதைக் கட்டுப்படுத்திச் சட்டமும் வந்தது.

ஆனால் அடுத்து வந்த டான்பி பிரபுவின் வழக்குதான் நம் விஷயத்துக்கு உயிர்நாடி. இரண்டாம் சார்லஸ் அரசனின் தலைமை அமைச்சர் அவர். பிரான்ஸ் அரசன் பதினான்காம் லூயியிடம் ரகசியமாகப் பணம் கேட்டுக் கடிதம் எழுதினார் என்பது 1678இல் அம்பலமானது. எழுதியது அமைச்சர், எழுதச் சொன்னது அரசன். நாடாளுமன்றம் டான்பி மீது பதவிநீக்க விசாரணையைத் தொடங்கியது. உடனே 1679இல் சார்லஸ் அவருக்கு முழு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டான். மக்கள் சபை கொதித்தது. அரசனை விசாரிக்க முடியாது, அவன் சொல்படி நடந்த அமைச்சரையாவது விசாரிக்கலாம் என்றால், அவரையும் அரசனே மன்னித்து விடுகிறான். அப்படியானால் அரசாங்கத்தை யார்தான் கேள்வி கேட்பது? மன்னிப்புச் சீட்டு கையில் இருந்தும் டான்பி ஐந்து ஆண்டுகள் லண்டன் கோபுரச் சிறையில் கிடந்தார். 1701இல் வந்த வாரிசுரிமைச் சட்டம், பதவிநீக்க விசாரணைக்கு எதிராக அரச மன்னிப்பைக் காட்டித் தப்ப முடியாது என்று எழுதியே வைத்தது.

பிலடெல்பியாவில் ஒரு எச்சரிக்கை

அரசனே வேண்டாம் என்று பிரிந்து போன அமெரிக்கர்கள் 1787இல் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தபோது, அரசனின் இந்த அதிகாரத்தை மட்டும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மக்களாட்சியில் இந்த அதிகாரத்துக்கு இடமே இருக்க முடியாது என்று ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் சொல்லியிருந்தார். அவரைப் படித்து வளர்ந்தவர்கள்தான் அந்த மாநாட்டில் பலர்.

விவாதம் அதிகம் நடக்கவில்லை, நடந்த அளவு கூர்மையாக நடந்தது. மன்னிப்புக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்றார் ரோஜர் ஷெர்மன், தோற்றுப்போனார். தண்டனை பெற்ற பிறகே மன்னிக்க வேண்டும் என்றார் லூதர் மார்ட்டின். ஜேம்ஸ் வில்சன் மறுத்தார்: கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க ஒருவனைச் சாட்சியாக்க வேண்டுமானால் தண்டனைக்கு முன்பே மன்னிக்க வேண்டியிருக்கும். மார்ட்டின் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

செப்டம்பர் 15, மாநாடு முடிய இரண்டே நாள். எட்மண்ட் ராண்டால்ஃப் எழுந்து, தேசத் துரோகத்துக்கு மன்னிப்பு கூடாது என்றார். அதிபரே குற்றவாளியாக இருக்கலாம், துரோகிகள் அவருடைய கருவிகளாகவே இருக்கலாம் என்பது அவர் வாதம். டான்பி கதையை ஒரே வரியில் சொல்லிவிட்டார். திருத்தம் தோற்றது. அடுத்த ஆண்டு வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் இதே பயத்தை மறுபடி கிளப்பினார்: தான் தூண்டிய குற்றத்தையே அதிபர் மன்னிக்கலாமே! ஜேம்ஸ் மாடிசன் பதில் சொன்னார்: சந்தேகத்துக்கிடமான ஆளோடு அதிபருக்குத் தொடர்பு இருந்து, அவனைக் காப்பாற்றுவார் என்று தோன்றினால், பிரதிநிதிகள் சபை அதிபர் மீதே பதவிநீக்க விசாரணை தொடங்கலாம்.

மாடிசனின் அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அதிகாரத்துக்கு அவர்கள் போட்ட பூட்டு அது ஒன்றுதான்.

கொடுத்ததற்கு நல்ல காரணங்களும் இருந்தன. கலகம் மூண்ட நேரத்தில் சமயம் பார்த்து நீட்டும் மன்னிப்பு நாட்டில் அமைதியைத் திருப்பிக் கொண்டுவரும். சபை கூடிப் பேசி முடிப்பதற்குள் அந்தச் சமயம் கைநழுவிவிடும் என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதினார். அவர் சொன்னது பலித்தது. 1794இல் பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் விஸ்கி வரிக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களில் இருவருக்குத் தேசத் துரோகக் குற்றத்தில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் இருவரையும் மன்னித்தார். உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1868 கிறிஸ்துமஸ் நாளில் ஆண்ட்ரூ ஜான்சன் எஞ்சியிருந்த தென்மாநிலத்தாருக்குப் பொது மன்னிப்பு அளித்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களை 1977இல் ஜிம்மி கார்ட்டர் பதவியேற்ற மறுநாளே மன்னித்தார்.

பழகியவரும் பழகாதவரும்

தமிழில் கண்ணோட்டம் என்ற சொல் இன்று பார்வை, கோணம் என்ற பொருளில் புழங்குகிறது. பழைய பொருள் இரக்கம். அதை விளக்கிய பழைய உரையாசிரியர்கள், தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் கேட்டதை மறுக்க முடியாத குணம் என்றார்கள். எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள்! இரக்கமும் ஆள் பார்த்துச் செய்யும் சலுகையும் ஒரே ஊற்றிலிருந்துதான் கிளம்புகின்றன. வாஷிங்டன் மன்னித்தவர்கள் அவருக்கு எதிராக எழுந்தவர்கள். கார்ட்டர் மன்னித்தவர்களை அவருக்கு முகம்கூடத் தெரியாது. என் கணக்கில், ஒரு மன்னிப்பு சரியா தவறா என்று பார்க்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மன்னிக்கப்பட்டவர் வாயைத் திறந்தால் மன்னித்தவருக்கு ஆபத்து உண்டா? அவரால் மன்னித்தவருக்கு லாபம் உண்டா?

1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஆறு பேரை மன்னித்தார். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிய விவகாரத்தில் சிக்கியவர்கள் அவர்கள். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கரின் வழக்கு இரண்டே வாரத்தில் விசாரணைக்கு வரவிருந்தது. அந்த விவகாரம் நடந்தபோது புஷ் துணை அதிபர். வழக்கு நடந்திருந்தால் அவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வியும் கூண்டேறியிருக்கும். ஆறு ஆண்டுகளாக நடந்த மூடிமறைப்பு இப்போது நிறைவடைந்துவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னார் தனி வழக்கறிஞர் லாரன்ஸ் வால்ஷ்.

தேதியைக் கவனியுங்கள். புஷ் நவம்பர் தேர்தலில் தோற்றாயிற்று. இனி வாக்காளரிடம் போக வேண்டியதில்லை. பதவியில் இருக்கப்போவதே சில வாரம், பதவிநீக்க விசாரணைக்கு யார் மெனக்கெடுவார்கள்? மாடிசனின் பூட்டு கடைசி நாட்களில் திறந்தே கிடக்கிறது. 2001 ஜனவரி 20, பதவியின் கடைசி நாளில் பில் கிளின்டன் மன்னித்த 140 பேரில் மார்க் ரிச் ஒருவர்: வரி ஏய்ப்பு வழக்கில் 1983 முதல் சுவிட்சர்லாந்தில் ஒளிந்திருந்த கோடீஸ்வரர். அவருடைய முன்னாள் மனைவி கிளின்டனின் கட்சிக்கும் நூலகத்துக்கும் பெரும் நன்கொடை அளித்திருந்தார். கிளின்டனின் தம்பி பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

1974இல் ஜெரால்ட் ஃபோர்டு, தனக்கு முன் அதிபராக இருந்து பதவி விலகிய நிக்சனை மன்னித்ததை நான் வேறு தட்டில் வைப்பேன். அது சரி என்று சொல்ல வரவில்லை. வழக்கே பதிவாகாத ஒருவருக்கு, பதவியில் இருந்த காலம் முழுவதற்கும் மன்னிப்பு தந்தது ஒரு கெட்ட முன்னுதாரணம். ஆனால் ஃபோர்டு அதைப் பதவியின் முதல் மாதத்தில் செய்தார். பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் நேரில் வந்து உட்கார்ந்து பதில் சொன்னார். இரண்டு ஆண்டில் தேர்தலைச் சந்தித்துத் தோற்றார். செய்ததற்கு விலை கொடுத்தார்.

அந்த விலை இப்போது குறைந்துகொண்டே வருகிறது. டொனால்ட் டிரம்ப் முதல் பதவிக்காலத்தின் கடைசி வாரங்களில் பால் மானஃபோர்ட், ரோஜர் ஸ்டோன் போன்ற தன் பிரசாரக் கூட்டாளிகளையும், மருமகனின் தந்தை சார்லஸ் குஷ்னரையும் மன்னித்தார். ஜோ பைடன் 2024 டிசம்பரில் தன் மகன் ஹண்டருக்கு, கிட்டத்தட்ட பதினோரு ஆண்டுகளில் செய்த, செய்திருக்கக்கூடிய எல்லா மத்தியக் குற்றங்களுக்கும் சேர்த்து மன்னிப்பு தந்தார். மன்னிக்க மாட்டேன் என்று முன்பு சொன்னவர் அவர். பதவி விலகும் நாளில் தம்பி, தங்கை என்று குடும்பத்தாருக்கும் தந்தார். பழிவாங்கும் வழக்குகளிலிருந்து காப்பாற்றவே செய்தேன் என்பது அவர் விளக்கம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒரு தகப்பன் தன் மகனின் வழக்கில் கையெழுத்துப் போடுவதை எந்தக் கட்சிக்காரரானாலும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதே 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் பதவியேற்ற டிரம்ப், 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதல் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட சுமார் 1,500 பேரை மன்னித்தார். 14 பேரின் தண்டனையைக் குறைத்தார். காவலர்களைத் தாக்கியவர்களும் அதில் அடக்கம். வாஷிங்டன் மன்னித்த கலகக்காரர்களோடு இவர்களை ஒப்பிடுபவர்கள் உண்டு. அங்கே கலகம் அரசாங்கத்துக்கு எதிராக, அதன் தலைவருக்கு எதிராக நடந்தது. இங்கே மன்னித்தவரைப் பதவியில் நீடிக்க வைக்க நடந்தது. ராண்டால்ஃப் பயந்தது இதற்குத்தான்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டவர், தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல மாட்டேன் என்ற உரிமையை அந்தக் குற்றம் பற்றிய அளவில் இழக்கிறார்; அவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம். ஆகவே ஒருவரின் வாயை அடைக்க நினைக்கும் ஆட்சியாளருக்கு, மன்னிப்பைக் கொடுப்பதைவிடக் கொடுப்பேன் என்று ஆசை காட்டுவதுதான் அதிகம் உதவும். வில்சன் இந்த வழியைத் திறந்துவிட்டது உண்மையைச் சொல்ல வைக்க. அதே வழி உண்மையைச் சொல்லாமல் இருக்க வைக்கவும் பயன்படும்.

தன்னைத்தானே மன்னிக்க முடியுமா? நிக்சன் விலகுவதற்கு நான்கு நாள் முன்பு நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம், தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது, எனவே முடியாது என்று குறிப்பு எழுதியது. எந்த நீதிமன்றமும் இதுவரை இதைத் தீர்க்கவில்லை. இதற்கிடையில் 2024 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதிபரின் மையமான அதிகாரங்களைப் பயன்படுத்தியதற்காக அவர்மீது குற்ற வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது; மன்னிப்பு அதிகாரமும் அந்த மையத்துக்குள் வருகிறது. ஒரே ஒரு வேலி மிச்சம்: அதிபரின் மன்னிப்பு மத்தியச் சட்டக் குற்றங்களுக்கு மட்டும்தான், மாநிலச் சட்டக் குற்றங்களைத் தொடாது.

வேறு ஊர்களில் வேறு பூட்டுகள்

தென் அமெரிக்க நாடான பெருவில் 2017 டிசம்பர் 21 அன்று அதிபர் குசின்ஸ்கி பதவிநீக்க வாக்கெடுப்பில் மயிரிழையில் தப்பினார். முன்னாள் அதிபர் ஃபுஜிமோரியின் மகனும் அவரைச் சேர்ந்த உறுப்பினர்களும் வாக்களிக்காமல் ஒதுங்கியதே காரணம். மூன்று நாள் கழித்து, மனித உரிமைக் குற்றங்களுக்காக 25 ஆண்டுத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஃபுஜிமோரிக்கு உடல்நலக் காரணம் சொல்லி மன்னிப்பு வந்தது. அங்கே நீதிமன்றம் அதை 2018இல் ரத்து செய்தது; பிறகு இன்னொரு நீதிமன்றம் உயிர்ப்பித்தது. தென்கொரியாவில் பெரு நிறுவன முதலாளிகளை மன்னிப்பது பழகிப்போன விஷயம். 2009இல் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீக்கு, குளிர்கால ஒலிம்பிக்கை நாட்டுக்குக் கொண்டுவர உதவுவார் என்று சொல்லியே மன்னிப்பு தந்தார்கள்.

இந்தியாவின் ஏற்பாடு வேறு. 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161ஆவது பிரிவு ஆளுநருக்கும் இந்த அதிகாரத்தைத் தருகின்றன. ஆனால் கையெழுத்துதான் அவர்களுடையது, முடிவு அமைச்சரவையுடையது என்று 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006இல் இன்னும் ஒரு படி போனது. ஆந்திரப் பிரதேசத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவருக்குத் தண்டனைக் குறைப்பு கொடுத்த கோப்பில், அவர் நல்ல காங்கிரஸ் தொண்டர் என்பதும் எழுதப்பட்டிருந்தது. சாதி, மதம், அரசியல் விசுவாசம் பார்த்து மன்னிக்க முடியாது என்று நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். அமெரிக்காவில் இப்படி ஒரு வழக்கை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

இந்திய நோய் வேறு மாதிரி: முடிவே எடுக்காமல் கோப்பை மூடி வைப்பது. தூக்குக் கைதிகளின் கருணை மனுக்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைக் காரணம் காட்டி, 2014இல் உச்ச நீதிமன்றம் 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பேரறிவாளனை விடுவிக்கத் தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டுக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று நீதிமன்றமே விடுவித்தது. கேட்க நாதியுள்ள வழக்கிலேயே இப்படி.

அமெரிக்காவிலும் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அதிபருடைய எண் கையில் இல்லாதவர்கள் நீதித்துறையில் உள்ள மன்னிப்பு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மன்னிப்பு கேட்கத் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. மார்க் ரிச் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. வரிசை நகர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பராக் ஒபாமா காலம் சாட்சி. கிராக் கொக்கெயினுக்குப் பொடி வடிவக் கொக்கெயினைவிட 100 மடங்கு கடுமையாக எடை கணக்கிட்ட சட்டத்தை 2010இல் திருத்தினார்கள்; ஏற்கனவே உள்ளே இருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் எட்டவில்லை. ஒபாமா 1,715 பேரின் தண்டனையைக் குறைத்தார். பெரும்பாலும் போதைப்பொருள் வழக்குகளில் நீண்ட தண்டனை பெற்ற, யாருக்கும் பெயர் தெரியாத மனிதர்கள். இந்த அதிகாரத்தையே ஒழித்துவிடலாம் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

பூட்டை மாற்ற முயன்றவர்கள் உண்டு. டெக்சாஸில் ஃபெர்குசன் தம்பதி ஆட்சிக்காலத்தில் மன்னிப்புகள் ஆயிரக்கணக்கில் போய், லஞ்சப் புகார் கிளம்பியதும், 1936இல் மக்கள் வாக்களித்து அந்த அதிகாரத்தை ஒரு வாரியத்தின் பரிந்துரைக்குக் கட்டுப்படுத்தினார்கள். மத்தியில் அது நடக்கவில்லை. நிக்சன் மன்னிப்புக்குப் பின் செனட்டர் வால்டர் மாண்டேல், இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மன்னிப்பை ரத்து செய்ய வழி வேண்டும் என்று சாசனத் திருத்தம் கொண்டுவந்தார். தன்னையும் குடும்பத்தையும் தன் நிர்வாகத்தினரையும் அதிபர் மன்னிக்கக் கூடாது என்ற திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஸ்டீவ் கோஹன் பலமுறை முன்வைத்திருக்கிறார். அவர் பிளான்டனின் டென்னசியிலிருந்து வந்தவர். சாசனத்தைத் திருத்த இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். திருத்தம் இல்லாமலேயே கொஞ்சம் செய்யலாம் என்று 2021 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது: சுய மன்னிப்பு செல்லாது, மன்னிப்புக்குக் கைமாறு வாங்குவது லஞ்சம், அதிபரின் சொந்தக்காரர்களுக்கோ அவரே சம்பந்தப்பட்ட வழக்கிலோ மன்னிப்பு தந்தால் கோப்புகளை நாடாளுமன்றத்திடம் கொடுக்க வேண்டும். 220 வாக்குகள் ஆதரவு, 208 எதிர்ப்பு. செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.